கால் கிலோவில் ஒரு கூரை: ஒட்டித் தயாரிக்கும் கேம்பிங் தார்ப்பாய், முழுமையான வழிகாட்டி

களத்தில் மஞ்சளும் நிலக்கடலையும் காயப்போட விரிக்கும் நீலத் தார்ப்பாய் நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதில் பரவலாகக் கிடைக்கும் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) ரகத்தை எடுத்து, இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 2.7 மீட்டருக்கு 2.7 மீட்டர் வெட்டினால் 850 கிராமுக்கு மேல் வரும். அதே அளவு கூரையைச் சுமார் 235 கிராமில் நாமே செய்துகொள்ள முடியும். நீளத் தையல் எதுவும் கிடையாது. எட்டு நாடாக்களை மட்டும் தைத்தால் போதும், மற்றதெல்லாம் ஒட்டுவதுதான்.

இந்த வழிகாட்டியில் அளவுகள், கருவிகள், செய்முறை எல்லாம் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதிதான் ஓடுகிறது. ஒட்டிய இடம் இழுப்பைத் தாங்கும், உரிப்பைத் தாங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

எந்தத் துணி

திருப்பூரில் போய் 'பாண்டட் துணி' என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று, பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்திச் செய்த நான்-ஓவன். கடைப் பைகளுக்கு வருவது அதுதான். அதில் தண்ணீர் ஊடுருவும், கூரைக்கு ஆகாது. இன்னொன்று, ஜாக்கெட்டுகளுக்காக நிட் துணியின் மேல் ஃபிலிம் ஒட்டியது. அது மழையைத் தாங்கும், ஆனால் எடை அதிகம். சுமக்கும் தார்ப்பாய்க்குச் சரிவராது.

நமக்கு வேண்டியது டைனீமா காம்போசிட் ஃபேப்ரிக். மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழைகளை நெய்யாமல், குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலும் கீழும் மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிமை வைத்து அழுத்தியது. இது முதலில் பந்தயப் படகுகளின் பாய்மரத் துணிக்காக உருவானது. 1992இல் அமெரிக்காஸ் கப் என்ற படகுப் போட்டியை வென்ற 'அமெரிக்கா கியூப்ட்' அணியின் பெயரிலிருந்துதான் 'கியூபன் ஃபைபர்' என்ற பழைய பெயர் வந்தது. தயாரித்த கியூபிக் டெக் நிறுவனத்தை, டைனீமா இழையைத் தயாரித்துவந்த டச்சு நிறுவனமான டிஎஸ்எம் 2015இல் வாங்கிய பிறகு இப்போதைய பெயர் நிலைத்தது. மலையேறிகளில் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். வாங்கும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

இதன் குணங்கள் நம் வேலையை நேரடியாகத் தீர்மானிக்கின்றன. இழை ஏறக்குறைய நீளவே நீளாது. தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே நைலான் போல இரவு மழையில் தொய்ந்து, நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டும் வேலை இல்லை. வெட்டிய ஓரம் இழை பிரியாது, மடித்து அடிக்கத் தேவையில்லை. பாலிஎத்திலீனில் சாதாரணமாகப் பசை ஒட்டாது. ஆனால் வெளியே இருப்பது பாலியஸ்டர் ஃபிலிம் என்பதால் இந்தத் துணியில் நன்றாகப் பிடிக்கும். ஒட்டுவது சாத்தியமாவதே அந்தத் தோலால்தான். சிலிகான் பூசிய நைலானை இந்த முறையில் ஒட்ட முடியாது, தைத்தே ஆக வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் இந்தச் செய்முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

சரி, ஏன் தைக்கக் கூடாது? ஊசி போகும் ஒவ்வொரு இடத்திலும் ஃபிலிம் ஓட்டையாகிறது. நெய்த துணியில் இழைகள் ஒதுங்கி ஊசிக்கு வழி விடும், பிறகு தையலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இதில் அந்தப் பிடி கிடையாது. வரிசையாக ஓட்டை போட்ட கோட்டில் துணி பலவீனமாகிறது, மழையும் உள்ளே வருகிறது. கையில் வாங்கிப் பார்த்த தையலக்கா ஒருவர் சொன்னார்: "இது துணியே இல்லீங்க, காயிதமாட்ட இருக்குது. இதுல மிசின ஓட்டுனா கிழிஞ்சுதான் போகும்." தொட்ட மாத்திரத்தில் அவர் சொன்னது முற்றிலும் சரி.

எடையில் பொதுவாக இரண்டு ரகம் கிடைக்கும்: சுமார் 18 ஜிஎஸ்எம், சுமார் 26 ஜிஎஸ்எம். 18இல் செய்தால் இன்னும் 55 கிராம் குறையும். இருந்தாலும் கொங்குப் பகுதியில் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு நான் 26ஐத்தான் சொல்வேன். காரணம் காற்றும் முள்ளும். காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில், தங்கிப் பார்த்தால் தெரியும், வெள்வேல மரத்தின் கீழே எங்கே கை வைத்தாலும் முள்தான். கிளுவை வேலியும் அப்படியே. 18 ஜிஎஸ்எம்மை அங்கே விரிக்கவே மனசு பதறும்.

துணி 137 செ.மீ அகலத்தில் வரும். 6 மீட்டர் வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு, விலை கூடுதல். அதனால்தான் கத்தி வைக்கும் முன் ஒத்திகை பார்ப்பதற்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

பசையும் மற்ற சாமான்களும்

பசைக்கு டிரான்ஸ்ஃபர் டேப். இரட்டைப் பக்க டேப் எல்லாம் ஒன்றல்ல. ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பதில் நடுவே டிஷ்யூ காகிதம் இருக்கும், இழுத்தால் அந்தக் காகிதமே கிழியும். ஃபோம் டேப் தடிமன் அதிகம். டிரான்ஸ்ஃபர் டேப்பில் நடுவே எதுவும் கிடையாது, காகிதத்தின் மேல் வெறும் அக்ரிலிக் பசை மட்டும். 3எம் 9485பிசி என்ற ரகத்தைத்தான் இந்தத் துணியில் வேலை செய்பவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பசையின் தடிமன் 0.13 மி.மீ. கோவையில் தொழிற்சாலைகளுக்கு டேப் சப்ளை செய்யும் கடைகளில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 2.5 செ.மீ அகலத்தில், தார்ப்பாய்க்கு 12 மீட்டரும் ஒத்திகைக்குக் கொஞ்சமும் சேர்த்து 16 மீட்டர் போதும்.

அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது படலமாகத் தங்கிப் பசையைப் பிடிக்க விடாது. நூல் விடாத பருத்தித் துணித் துண்டுகள், புதிய பிளேடு, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மெல்லிய மார்க்கர், மாஸ்கிங் டேப், 15 மி.மீ அகல நாடா ஒன்றரை மீட்டர், பாலியஸ்டர் நூல், சப்பாத்திக் கட்டை. நாடா திருப்பூர் காதர்பேட்டை பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். பருத்தி நாடா வாங்காமல், நெருக்கமாக வரி வரியாக நெய்த பாலியஸ்டர் நாடாவாகப் பார்த்து வாங்குங்கள்.

இழுப்பும் உரிப்பும்: முதலில் துண்டில் பாருங்கள்

வெட்டத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். துணியின் அகலம் குறையாதபடி, நீளத்தின் ஒரு முனையிலிருந்து 10 செ.மீ அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இரண்டையும் ஆல்கஹாலால் துடைத்து, நுனிகள் 2.5 செ.மீ ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, கட்டையால் நன்றாக அழுத்தி உருட்டுங்கள். மூன்று நாள் தொடாமல் வையுங்கள். பிறகு ஒட்டின் மேல் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போகும்படி மார்க்கரால் நேர்கோடு போடுங்கள். மேல் நுனியை ஒரு குச்சியில் சுற்றிக் கட்டி, கீழ் நுனியில் 5 லிட்டர் தண்ணீர் கேனை அகலம் முழுக்கச் சமமாக இழுக்கும்படி தொங்கவிடுங்கள். மறுநாள் காலையில் கோட்டைப் பாருங்கள். கோடு உடையாமல் ஒரே கோடாக இருந்தால் பசை நகரவில்லை. ஒட்டு இருக்கும் இடத்தில் கோடு ஒரு படி இறங்கியிருந்தால், கேன் கீழே விழாவிட்டாலும் பசை மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துடைத்தது போதவில்லை, அல்லது அழுத்தியது போதவில்லை. இதே சோதனையைச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் ஒரு முறை செய்வது இன்னும் நல்லது. சூடு ஏற ஏற இந்த வகைப் பசை கூடுதலாக நகரும்.

இப்போது கேனைக் கழற்றிவிட்டு, ஒட்டின் விளிம்பை நகத்தால் கொஞ்சம் கிளப்பி, இரண்டு நுனியையும் எதிரெதிராக விரித்து இழுங்கள். ஐந்து கிலோவை இரவெல்லாம் தாங்கிய அதே ஒட்டு இரண்டு விரலுக்கு வந்துவிடும். முதல் முறையில் ஒட்டின் முழுப் பரப்பும் ஒன்றாகச் சுமையைத் தாங்குகிறது. இரண்டாவதில் எந்த நொடியிலும் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தாங்குகிறது, அது விட்டதும் அடுத்த கோடு.

சட்டை தைத்துப் பழகிய கைக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு துண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஓரத்தில் ஒரு தையல் ஓட்டுவதுதான் நம் பழக்கம். துணியை விரித்ததும் அந்த இணைப்பு உரிக்கப்படும் திசையில் நிற்கிறது. நூல் அதைத் தாங்கும், பசை தாங்காது. ஆகவே இந்தத் தார்ப்பாயில் எந்த இணைப்பும் முகத்தோடு முகம் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்த ஒட்டுதான்.

அளவும் வடிவமும்

முதல் தார்ப்பாய்க்குச் சதுரமான தட்டை வடிவமே நல்லது. கூடாரம் போலச் சாய்வுக் கூரையாகவும் கட்டலாம், ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கட்டலாம், காற்று அதிகமானால் தரையோடு தாழ்த்தலாம்.

துணியின் இரண்டு ஓரத்தையும் சீராக்கி 135 செ.மீ அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். 268 செ.மீ நீளத்தில் இரண்டு துண்டு. நீளவாட்டில் 2.5 செ.மீ ஏற்றி ஒட்டினால் மொத்த அகலம் 267.5. கிட்டத்தட்ட முழுச் சதுரம். கயிறு கட்டும் இடங்கள் எட்டு: நான்கு மூலை, முகட்டின் (இரண்டு துண்டும் ஒட்டும் நடுக்கோடு, கூரையின் உச்சி அதுதான்) இரண்டு முனை, இரு பக்க ஓரங்களின் நடு. இந்த அளவில் ஒரு நன்மை இருக்கிறது. அடுத்தடுத்த எந்த இரண்டு கட்டுப் புள்ளிக்கும் இடைவெளி ஏறக்குறைய 134 செ.மீ. எனவே ஓர வளைவுக்கு ஒரே ஒரு அட்டை அச்சு போதும், அதையே எட்டு இடத்திலும் வைத்து வெட்டலாம்.

ஓரம் ஏன் வளைவாக இருக்க வேண்டும்? நேர் ஓரத்தை இரண்டு புள்ளியில் இழுத்தால் நடுப்பகுதி தொளதொளவென்று காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். நீளாத துணி என்பதால் இழுத்தும் சரிசெய்ய முடியாது. அந்தப் படபடப்பு, கட்டுப் புள்ளிகளில் நாம் ஒட்டப்போகும் ஒட்டுப்பட்டைகளின் விளிம்பை மெல்ல மெல்ல உரிக்கத் தொடங்கும். உள்நோக்கி லேசாகக் குழித்து வெட்டினால் இழுப்பு ஓரம் முழுவதும் சமமாகப் பரவும்.

வளைவைக் கணக்குப் போட வேண்டாம். சுவரில் ஒரே மட்டத்தில் 134 செ.மீ இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, பின்னால் பேட்டர்ன் அட்டையை ஒட்டி, மெல்லிய சங்கிலி ஒன்றைத் தொங்கவிடுங்கள். நடுவில் 3.5 செ.மீ இறங்கும் வரை ஒரு முனையை இழுத்துச் சரிசெய்யுங்கள். சங்கிலி தானாக எடுக்கும் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாகக் குறித்து வெட்டினால் அச்சு தயார்.

முகட்டை ஒட்டுவது

மொத்த வேலையிலும் நிதானம் அதிகம் வேண்டிய இடம் இது. மொசைக், டைல்ஸ், கிரானைட் என்று ஏதாவது மட்டமான தரை உள்ள அறை வேண்டும். திருப்பூரில் யாராவது தெரிந்தவர்களின் கட்டிங் டேபிள் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஜன்னலை மூடுங்கள். வியர்வை சொட்டினால் அந்த இடம் ஒட்டாது என்பதால் அதிகாலையில் தொடங்குவது நல்லது. கூட ஒருவர் இருந்தாக வேண்டும். தனியாகச் செய்தால் மூன்று மீட்டர் நீளம் கட்டாயம் கோணிக்கொள்ளும்.

முதல் துண்டை விரித்து, நீள ஓரத்திலிருந்து 2.5 செ.மீ உள்ளே மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு முனையையும் லேசாக இழுத்து மாஸ்கிங் டேப்பால் தரையில் பிடியுங்கள். கோட்டுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பட்டையை ஆல்கஹாலால் ஒரே திசையில் துடையுங்கள். இரண்டாவது துண்டின் ஓரத்தையும், கீழே படியும் பக்கத்தில், அதேபோல. முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர போகாது. காய ஒரு நிமிடம் கொடுங்கள். துடைத்த இடத்தில் விரல் படக்கூடாது.

டேப்பை முதல் துண்டின் ஓரத்தில், மேல்காகிதத்தோடு நீளமாக இறக்கி, காகிதத்தின் மேலேயே கட்டையை உருட்டி அழுத்துங்கள். காகிதத்தை இன்னும் உரிக்க வேண்டாம். இப்போது இரண்டாவது துண்டைக் கொண்டுவந்து அதன் ஓரம் கோட்டின் மேல் சரியாக உட்காரும்படி வையுங்கள். காகிதம் இருப்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஒரு சுருக்கம் கூட இல்லை என்று ஆனபின், 30 செ.மீக்கு ஒரு மாஸ்கிங் டேப் துண்டு குறுக்கே போட்டு இருப்பிடத்தைப் பிடியுங்கள்.

ஒரு முனையிலிருந்து தொடங்குங்கள். மேல் துண்டை ஒரு கை அகலம் தூக்கி, காகித நுனியை உரித்து, பக்கவாட்டில் சாய்வாக வெளியே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் காகிதத்தைச் சீராக இழுக்க, இன்னொருவர் பின்னாலேயே துணியை விரல் நுனியால் கீழே படுக்க வைத்துக்கொண்டு வரவேண்டும். 20, 30 செ.மீ போனதும் நின்று பாருங்கள். அவசரமே இல்லை. பசை தொட்ட இடத்தை எடுத்து மறுபடி வைக்க முடியாது. எடுத்தால் பசை கிழிந்து கட்டி கட்டியாக நிற்கும். சிறு சுருக்கம் விழுந்துவிட்டால் பிரிக்கப் போகாமல் அதைத் தட்டையாக அழுத்திவிட்டு, பின்னால் மேலே ஒரு சின்ன ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள்.

முழு நீளமும் முடிந்ததும் கட்டையை உடம்பு எடை கொடுத்து உருட்டுங்கள். இந்தப் பசைக்கு அழுத்தம்தான் உயிர். மெல்லத் தடவிவிட்டு விட்டால் பசை ஃபிலிமைப் புள்ளி புள்ளியாகத்தான் தொடும். ஒரு நாளில் பெரும்பகுதிப் பலம் வந்துவிடும், முழுப் பலத்துக்கு மூன்று நாள். அதற்குள் இழுத்துக் கட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம்.

மேலே ஏறி நிற்கும் துண்டு எந்தப் பக்கம் என்று ஒரு சின்னக் குறி போட்டு வையுங்கள். பின்னால் வேண்டும்.

ஓரம் வெட்டுவது

முகட்டு ஒட்டின் நடுக்கோட்டில் தார்ப்பாயை இரண்டாக மடியுங்கள். அழுத்தி மடிப்பு விழவைக்க வேண்டாம், சும்மா மடித்தால் போதும். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும்போது அச்சை வைத்து வெட்டினால் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். கட்டிங் மாஸ்டர் பல அடுக்கை ஒரே வெட்டாக வெட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். கட்டுப் புள்ளிகளில் துணி முழு அளவில் இருக்க வேண்டும், வளைவு அவற்றுக்கு இடையில்தான். பிளேடை நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரத்தில் சின்ன வெட்டுக்காயங்கள் விழும், கிழிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஒரே ஓட்டமாக இழுங்கள்.

ஒட்டுப்பட்டைகள்

கயிறு கட்டும் இடத்தில் வரும் சுமையைத் துணியின் பெரிய பரப்புக்குப் பரப்பிவிடுவதுதான் பட்டையின் வேலை. வெளிப்பக்கம் பெரியது, உட்பக்கம் அதில் பாதி ஆரத்தில் சிறியது. மூலைக்கு 15 செ.மீ ஆரத்தில் கால் வட்டம், முகட்டு முனைகளுக்கு 15 செ.மீ ஆரத்தில் அரை வட்டம், பக்க நடுவுக்கு 12 செ.மீ அரை வட்டம். எல்லாம் மீதித் துணியிலேயே கிடைத்துவிடும்.

வட்டமாக ஏன் என்று கேட்கலாம். சதுரப் பட்டையின் கூர்முனைதான் முதலில் கிளம்பும். கிளம்பிய முனையிலிருந்து உரிப்பு தொடங்கிவிடும்.

மூலைப் பட்டையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தத் துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக மட்டுமே ஓடுகின்றன. மூலையில் கயிறு இழுப்பதோ மூலைவிட்டமாக, இழை இல்லாத திசையில். பட்டையைத் துணியில் 45 பாகை திருப்பி வைத்து வெட்டினால் அதன் இழைகள் சரியாக இழுப்பின் திசையில் நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகள் கண்ணுக்குத் தெரியும், திசையில் குழப்பம் வராது. முகட்டு முனைக்கும் பக்க நடுவுக்கும் திருப்ப வேண்டாம்.

பட்டையின் பின்புறம் முழுவதும் டேப்பை இடைவெளி விடாமல் பக்கம் பக்கமாக ஒட்டி, வெளியே நீட்டியதை வெட்டிவிடுங்கள். ஒட்டும் இடத்தைத் துடைத்து, காகிதத்தை உரித்து, பட்டையை லேசாக வளைத்து நடுப்பகுதியை முதலில் தொடவைத்து, அங்கிருந்து வெளிநோக்கி அழுத்திக்கொண்டு போங்கள். காற்றுக் குமிழி தங்காது. பிறகு கட்டை.

நாடா

ஊசி வருவது இங்கே மட்டும்தான். கயிற்றின் இழுப்பு ஒரே புள்ளியில் இடைவிடாமல் விழும் இடம் இது. வெறும் பசையை நம்பினால் வெயிலில் மெல்ல வழுக்கும். பட்டை, துணி, பட்டை என்று மூன்று அடுக்கு இருப்பதால் இங்கே ஊசி ஓட்டையைத் தாங்கும் தெம்பும் இருக்கிறது.

15 செ.மீ நாடாவை இரண்டாக மடித்து, ஒரு கால் வெளிப்பட்டையின் மேலும் ஒரு கால் உட்பட்டையின் மேலும், இரண்டும் 4 செ.மீ உள்ளே வரும்படி கவ்வ வையுங்கள். இரண்டு காலும் ஒரே பக்கம் இருந்தால் இழுக்கும்போது பட்டை ஒரு பக்கமாகத் திரும்பி உரிய ஆரம்பிக்கும். இரு பக்கமும் கவ்வினால் இழுப்பு துணியின் தளத்திலேயே நிற்கும். 11ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீக்குக் குறையாமல். நாடாவைச் சுற்றி ஒரு நீள்சதுரம், நடுவே ஒரு குறுக்குக் கோடு. அவ்வளவுதான். பார்டேக் மிசினில் கொடுத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் நெருக்கமான குத்து இந்தத் துணியை ஒரே இடத்தில் சல்லடையாக்கிவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசியில் பசை ஏறி நூல் அறுந்தால் ஆல்கஹால் துணியால் ஊசியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கட்டிப் பார்ப்பது

கயிறு 2 மி.மீ தடிமன் போதும், எட்டுக்கும் சேர்த்து 16 மீட்டர். லாரிக்காரர்கள் சரக்கின் மேல் படுதாவை இறுக்கப் போடும் முடிச்சைத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் அதைத் தெரியாத ஆள் குறைவு. ஆனால் அந்த முடிச்சில் பலம் பெருகும். நீளாத துணியை அவ்வளவு இறுக்க வேண்டாம், சுருக்கம் போனால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தும் திசை நம் ஊரில் பருவத்தைப் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய திறப்பு. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை அதன் வழியே மேல்காற்று கொட்டும். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் கால் கிலோத் துணியைக் கட்டுகிறோம். அந்த மாதங்களில் மேற்குப் பக்க ஓரத்தைத் தரையோடு ஒட்டி முளை அடித்து, முகட்டை இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். முகட்டில் ஏறி நிற்கும் துண்டின் பக்கத்தைக் குறித்து வைத்தோம் அல்லவா, அந்தத் துண்டு காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். அதன் ஒட்டு விளிம்பு மறுசரிவில் கீழ்நோக்கி முடிவதால் காற்று அதைக் கிளப்ப வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கும் வடகிழக்கும் இருந்து வரும், தார்ப்பாயைத் திருப்பிப் போடுங்கள். சித்திரையில் இடியோடு வரும் கோடை மழைக்குத் திசையே கிடையாது. நான்கு பக்கமும் தாழக் கட்டுவதுதான் வழி.

செம்மண் சரளையில் மெல்லிய முளை வளைந்துவிடும், ஆறு அங்குல இரும்பு ஆணி இறங்கும். மழையில் ஊறிய கரிசலில் அதே ஆணி கையோடு வந்துவிடும். அங்கே ஒரு முழக் குச்சியில் கயிற்றைக் கட்டிக் கிடைமட்டமாகப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள்.

பொள்ளாச்சித் தோப்புகளில் நிழலைப் பார்த்துத் தென்னையின் கீழ் கட்டிவிடாதீர்கள். ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் துணி மட்டுமல்ல, கீழே படுத்திருப்பவருக்கும் ஆபத்து. தோட்டமோ கொறங்காடோ உடைமைக்காரரிடம் கேட்டுத் தங்குங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் மற்ற காப்புக்காடுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. மலையடிவாரம் யானை நடமாடும் இடம், அங்கே எந்தக் கூரையும் பாதுகாப்பில்லை.

இன்னும் இரண்டு விஷயம். இந்தத் துணி ஒளியைப் பாதிக்கு மேல் உள்ளே விடும் அளவுக்கு மெல்லியது. பகல் வெயிலுக்கு நிழல் என்று நம்ப வேண்டாம், மரத்தடிதான். டைனீமா இழை 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும், அதனால் அடுப்பைக் கூரைக்கு வெளியே காற்று போகும் பக்கமாக வையுங்கள்.

பராமரிப்பு

முதல் முறை காற்றில் ஓர் இரவு நின்ற பிறகு எல்லாப் பட்டையின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது மயிரிழை கிளம்பியிருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பைக் குறுகலாக வெட்டி உள்ளே செருகி அழுத்துங்கள். முள் குத்திய ஓட்டைக்கு ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டத் துண்டு ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. டேப் ஒட்டி மேல்காகிதத்தோடு வெட்டிய நான்கைந்து வட்டங்களை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடித்தால் அந்தக் கோட்டில் ஃபிலிம் வெள்ளை படர்ந்து வெடிக்கும். தளர்வாகச் சுருட்டுங்கள். நிறுத்திய காரின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள்.

மீதித் துணியில் 25 செ.மீக்கு 35 செ.மீ அளவில் இந்தத் தார்ப்பாய்க்கே ஒரு பையும் செய்துவிடலாம். துணியைக் குழாயாகச் சுற்றி, ஓரம் 2.5 செ.மீ ஏறும்படி ஒட்டுங்கள். அடியை இரண்டு முறை மடித்து, மடிப்பின் மேல் குறுக்கே ஒரு பட்டை ஒட்டி மூடுங்கள். இங்கேயும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டக் கூடாது. பை எட்டு கிராமுக்கு மேல் வராது.